கெல்டிக் கிறிஸ்துமஸ் பாடல்கள்: எந்த ஊர், யார் குரல்?

கடலோரக்குயில் (இழையைத் தொடங்கியவர்), டிசம்பர் 2

அனைவருக்கும் வணக்கம். நான்கு ஆண்டுகளாக டிசம்பர் மாதம் முழுவதும் ‘கெல்டிக் கிறிஸ்துமஸ்’ என்ற பெயரில் கிடைக்கும், அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் முதலிய நாடுகளின் பாடல் தொகுப்புகளையே கேட்டு வருகிறேன். ஹார்ப் நரம்புகளின் ஒலியும் டின் விசிலின் மெல்லிய ஊதலும் அந்த மாதத்தின் இரவுகளுக்கு மிகவும் பொருந்தி வருகின்றன. ஆனால் இந்த ஆண்டு ஒன்று உறுத்துகிறது. இத்தனை கேட்டும், அவற்றில் ஒரு பாட்டுகூட எந்த ஊரில், யார் வாயில், எந்த நாளுக்காகப் பிறந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை. எல்லாப் பாட்டும் ஒரே பனிமூட்டத்துக்குள் கரைந்து போனதுபோல் இருக்கிறது.

எங்கள் பாடகர் குழுவில் ஆறு பேர் இருக்கிறோம். இந்த ஆண்டு நள்ளிரவு ஆராதனையில் வெக்ஸ்ஃபோர்ட் கரோலைப் பாடலாம் என்று நினைக்கிறோம். அது 12ஆம் நூற்றாண்டுப் பாட்டு என்று ஒரு தொகுப்பின் குறிப்பில் படித்தேன். அது உண்மையா? இந்தப் பாடல்களின் வேர்களை அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

ஏட்டுச்சுவடி, டிசம்பர் 2

நல்ல கேள்வி. முதலில் வயதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 12ஆம் நூற்றாண்டு என்ற கூற்று குறிப்புக்குக் குறிப்பு நகலெடுக்கப்பட்டு வருகிறதே ஒழிய, அதற்கு ஆதாரம் காட்டியவரை நான் கண்டதில்லை. நமக்கு உறுதியாகத் தெரிந்த வரலாறு மிகவும் பிற்பட்டது. அயர்லாந்தின் தென்கிழக்கு மூலையில் உள்ள வெக்ஸ்ஃபோர்ட் மாவட்டத்தில், எனிஸ்கார்த்தி நகரின் பேராலயத்தில் ஆர்கன் வாசித்தவரும் இசை வரலாற்றாசிரியருமான கிராட்டன் ஃப்ளட் என்பவர், அந்த வட்டாரப் பாடகர் ஒருவரிடம் கேட்டு இதை எழுதி எடுத்தார். 1928இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்ட் கரோல் நூலில் அது இடம்பெற்றது. அந்த நூலின் வழியாகத்தான் உலகம் முழுவதும் பரவியது. பாட்டு அதைவிடப் பழையதாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஆனால் எழுநூறு ஆண்டுகளை நாமாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டிய அவசியம் அந்தப் பாட்டுக்கு இல்லை.

நான் முக்கியமாகச் சொல்ல விரும்புவது வேறொன்று. அதே மாவட்டத்தில் கில்மோர் என்ற கடலோரச் சிற்றூர் இருக்கிறது. அங்கே கிறிஸ்துமஸ் நாள் தொடங்கி ஜனவரி 6ஆம் தேதித் திருக்காட்சிப் பெருவிழா வரை, அந்தந்தத் திருநாளுக்கு உரிய பாடலைப் பாடும் வழக்கம் தலைமுறை தலைமுறையாக நீடிக்கிறது. பாடுபவர்கள் ஆறு ஆண்கள். மூவர் மூவராக இரண்டு அணியாக நின்று, ஓர் அணி ஒரு கண்ணியைப் பாடி முடித்ததும் மற்ற அணி அடுத்த கண்ணியை எடுக்கிறது. பக்கவாத்தியம் எதுவும் கிடையாது. தாளக்கட்டும் இல்லை, மூச்சின் நீளமே அளவு.

பாடல்களின் மூலமும் தெளிவாகத் தெரியும். ஃபெர்ன்ஸ் மறைமாவட்டத்தின் ஆயராக இருந்த லூக் வாடிங் 1684இல் பெல்ஜியத்தின் கெண்ட் நகரில் ஒரு சிறு பாடல் நூலை அச்சிட்டார். அயர்லாந்தில் கத்தோலிக்கர்மீது சட்டக் கெடுபிடிகள் இருந்த காலம் அது. பின்பு 1728இல் வில்லியம் டெவரோ என்ற பாதிரியார் கிறிஸ்துமஸ் காலத்துக்கான பாடல்களைத் தொகுத்து ஒரு கையெழுத்து நூலாக்கினார். கில்மோரில் இன்று பாடப்படுபவை பெரும்பாலும் இந்த இருவரின் தொகுப்புகளிலிருந்து வந்தவை. உங்கள் குழுவிலும் ஆறு பேர் என்கிறீர்கள். அந்த எண்ணிக்கையைப் படித்தவுடன் எனக்குக் கில்மோர்தான் நினைவுக்கு வந்தது.

நிஷாதன், டிசம்பர் 3

ஏட்டுச்சுவடி ஐயா வரலாற்றைச் சொல்லிவிட்டார். நான் சுரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வெக்ஸ்ஃபோர்ட் கரோலின் உயிர் அதன் தாழ்ந்த நிஷாதத்தில், அதாவது தாழ்ந்த ஏழாம் சுரத்தில் இருக்கிறது. ஐரோப்பியர் மிக்ஸொலிடியன் என்று அழைக்கும் சுர வரிசை நம்முடைய அரிகாம்போதியின் சுர வரிசையே. சுரத்தானங்கள் ஒன்று என்பதற்காக இரண்டும் ஒரே இசை ஆகிவிடாது. நம் கமகங்களை, அதாவது சுரத்தை அசைத்துப் பாடும் முறைகளை, அதன்மீது ஏற்றினால் பாட்டு கெட்டுவிடும். இருந்தாலும், கைசிகி என்னும் தாழ்ந்த நிஷாதம் காதில் பழகிய ஒருவருக்கு, நடுப்பகுதியில் அந்தச் சுரம் தாழும் இடம் எவ்வளவு முக்கியமானது என்பது உடனே புரியும். கீபோர்டில் பின்னணி வாசிப்பவர்கள் பழக்கத்தின் காரணமாக அதைக் காகலி என்னும் உயர்ந்த நிஷாதமாக்கிவிடுவார்கள். அப்போது பாட்டு சங்கராபரணச் சாயலுக்குப் போய், வேறு எந்தக் கிறிஸ்துமஸ் பாட்டாகவும் இருக்கக்கூடிய ஒன்றாக மாறிவிடும்.

பனிப்பூ, டிசம்பர் 4

இந்த இழையைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் வேல்ஸில் ஒரு மருத்துவமனையில் செவிலியராகப் பணியாற்றுகிறேன். இங்கு வந்த இரண்டாவது ஆண்டு, உடன் பணிபுரியும் அம்மையார் ஒருவர் ஜனவரி மாத மாலை ஒன்றில் மான்ட்கோமரிஷயர் பகுதியின் மலையடிவாரத் தேவாலயம் ஒன்றுக்கு என்னை அழைத்துச் சென்றார். அங்கே நடந்ததன் பெயர் பிளகைன்.

அந்தச் சொல் சேவல் கூவும் நேரத்தைக் குறிக்கும் இலத்தீன் தொடரிலிருந்து வந்தது. முற்காலத்தில் கிறிஸ்துமஸ் அன்று விடியலுக்கு முன், மூன்று மணி முதல் ஆறு மணிக்குள், மெழுகுவத்தி வெளிச்சத்தில் கூடிப் பாடுவார்களாம். இப்போது பெரும்பாலும் டிசம்பர், ஜனவரி மாத மாலைகளில் ஊர் ஊராக நடக்கிறது. சுருக்கமான வழிபாடு ஒன்று முடிந்ததும் குருவானவர் பிளகைன் தொடங்கிவிட்டது என்று அறிவித்துவிட்டு அமர்ந்துவிடுகிறார். அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக எந்த அறிவிப்பும் இல்லை. நிகழ்ச்சி நிரலும் இல்லை, பெயர் வாசிப்பவரும் இல்லை. இருக்கைகளுக்கிடையே யாரோ எழுந்து நடக்கும் காலடி ஓசை கேட்கும். ஒரு தந்தையும் இரண்டு மகன்களும் முன்னே வந்து நிற்பார்கள். ஒருவர் இசைக்கவையைத் தட்டிக் காதருகே பிடித்துச் சுருதி பார்ப்பார். மூவரும் தலையை ஒன்றோடொன்று நெருக்கமாகச் சாய்த்துக்கொண்டு பாடுவார்கள். முடிந்ததும் கைதட்டல் கிடையாது. அவர்கள் தங்கள் இடத்துக்குத் திரும்பும்போது அடுத்த குடும்பம் எழுந்திருக்கும்.

அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு: அந்த மாலையில் ஒருவர் பாடிய பாட்டை மற்றொருவர் பாடக்கூடாது. அதனால் ஒவ்வொரு குடும்பமும் பல பாட்டுகளை ஆயத்தமாக வைத்திருக்கிறது. பல வீடுகளில் தாத்தா காலத்துக் கையெழுத்து ஏடுகள் இருப்பதாக அந்த அம்மையார் சொன்னார். பாட்டுகள் மிகவும் நீளமானவை. நாம் எதிர்பார்ப்பதுபோல் குழந்தை, தொழுவம், விண்மீன் என்று நின்றுவிடுவதில்லை. ஏதேன் தோட்டத்தில் தொடங்கி, பிறப்பைக் கடந்து, சிலுவை வரைக்கும் உயிர்ப்பு வரைக்கும் செல்கின்றன. 17ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹியூ மோரிஸ் போன்ற கவிஞர்கள் அன்றைக்குச் சந்தையில் புழங்கிய கதைப்பாட்டு மெட்டுகளுக்கு இத்தகைய பாடல்களை எழுதினார்கள். மெய்யொலிகள் திரும்பத் திரும்ப வந்து பூட்டிக்கொள்ளும் கங்ஹானெத் என்ற யாப்புமுறை வெல்ஷ் கவிதையில் உண்டு. எனக்கு வெல்ஷ் மொழி அப்போது பத்துச் சொல்கூடத் தெரியாது. ஆனால் மோனையும் எதுகையும் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த ஒலிப்பூட்டு பிடிபட்டது.

கடைசியில், அந்த மாலையில் பாடிய ஆண்கள் அனைவரும் எழுந்து வந்து ‘இரவுணவுக் கரோல்’ என்ற பாடலைச் சேர்ந்து பாடினார்கள். பாடியவர்களுக்கெல்லாம் பிறகு உணவு உண்டு என்பதால் அந்தப் பெயர். அவ்வளவு ஆண் குரல்கள் கற்சுவரில் மோதித் திரும்பும்போது என் முழங்கால் நடுங்கியது. இந்த அனுபவம் எந்த இசைத்தட்டிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

தென்றல்நரம்பு, டிசம்பர் 5

பனிப்பூ அக்காவின் பதிவு நெகிழவைத்தது. இருந்தாலும் இசைத்தட்டுகளை இவ்வளவு தள்ளிவைக்க வேண்டுமா என்று கேட்க விரும்புகிறேன். கில்மோருக்கோ வேல்ஸ் மலைகளுக்கோ போக முடியாத என்னைப் போன்றவர்களுக்கு வேறு வாசல் எது? அயர்லாந்தின் சீஃப்டன்ஸ் இசைக்குழு 1991இல் வெளியிட்ட கிறிஸ்துமஸ் தட்டு இல்லையென்றால் எனக்கு ரென் குருவி ஊர்வலம் பற்றி எதுவும் தெரிந்திருக்காது. கனடாவைச் சேர்ந்த லொரீனா மெக்கெனிட் 1987இல் வெளியிட்ட குளிர்காலத் தட்டின் சில பாடல்களை அயர்லாந்தின் கிளென்ஸ்டல் மடத்தில் பதிவு செய்தார். அந்தக் கட்டடத்தின் எதிரொலியே அதில் ஒரு வாத்தியமாக இருக்கிறது. ஹார்ப்பும் பௌரான் பறையும் பழைய கெல்டிக் மரபின் வாத்தியங்கள்தானே? அவற்றைச் சேர்த்து வாசிப்பதில் என்ன பிழை?

ஏட்டுச்சுவடி, டிசம்பர் 5

பிழை என்று நான் சொல்லவில்லை, தென்றல்நரம்பு. நீங்கள் குறிப்பிட்ட இரண்டு தட்டுகளும் என்னிடமும் இருக்கின்றன, இரண்டையும் மதிக்கிறேன். சீஃப்டன்ஸ் குழுவைத் தொடங்கிய பேடி மொலோனி, இல்லன் பைப்ஸ் என்னும் ஐரிஷ் துருத்திக் குழல் வாத்தியத்தில் மரபை முறையாகக் கற்றவர். ஆனால் வாத்தியங்களின் தொன்மை பற்றி நீங்கள் சொன்னதைச் சற்று விரித்துப் பார்க்க வேண்டும்.

உலோக நரம்பு பூட்டிய பழைய ஐரிஷ் ஹார்ப்பை வாசிப்பவர்கள் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அருகிப் போனார்கள். அந்த மரபைக் காப்பாற்றும் நோக்கத்தோடு 1792இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கூட்டிய விழாவுக்கு வந்த ஐரிஷ் ஹார்ப் கலைஞர்கள் பத்தே பேர். அவர்கள் வாசித்ததை எட்வர்ட் பண்டிங் என்ற பத்தொன்பது வயது இளைஞர் எழுதி எடுத்தார். இன்று தட்டுகளில் நாம் கேட்கும் மென்மையான நரம்புடைய சிறு ஹார்ப், டப்ளினில் ஜான் ஈகன் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடிவமைத்த கருவியின் வழிவந்தது. அதன் ஒலி அழகானது. ஆனால் பழைய உலோக நரம்பின் கணீரென்ற நீண்ட அதிர்வு அதில் இல்லை.

பௌரானின் கதை இன்னும் சுவையானது. கச்சேரிக் குழுக்களில் அதற்கு நிலையான இடம் கிடைத்தது 1960களில்தான். ஷான் ஓ ரியாடா என்ற இசையமைப்பாளர் அதைத் தம் குழுவில் சேர்த்துக்கொண்டதே அதற்குக் காரணம். அதற்கு முன் அந்தத் தோல்வாத்தியம் பெரும்பாலும் ஒரு நாளோடுதான் பிணைந்திருந்தது. அந்த நாள் டிசம்பர் 26, புனித ஸ்தேவானின் திருநாள். நீங்கள் சொன்ன ரென் குருவியின் நாள்.

ரென் என்பது பத்து கிராம் அளவே எடையுள்ள சிறு பறவை. மறைந்திருந்த ஸ்தேவானை அதன் கீச்சொலி காட்டிக் கொடுத்துவிட்டது என்பது ஊர்க்கதை. முற்காலத்தில் உண்மையாகவே அதை வேட்டையாடிக் கோலில் கட்டி, வைக்கோல் உடையும் முகமூடியும் அணிந்து, வீடு வீடாகப் பாடிக் காசு கேட்டார்கள். இப்போது பொம்மைக் குருவிதான். அயர்லாந்தின் டிங்கிள் நகரத்தில் இன்றும் அந்த நாளில் பறைகளும் விசில்களும் தெருவை அதிரவைக்கின்றன. ஐரிஷ் கடலில் உள்ள ‘மான்’ என்ற தீவிலும் அதே நாளில் குருவியை வைத்து வட்டமாக ஆடுகிறார்கள். அதன் இறகு கப்பற்சேதத்திலிருந்து காக்கும் என்று அத்தீவின் மாலுமிகள் நம்பினார்கள். கிறிஸ்துமஸ் காலத்தின் கெல்டிக் இசை என்றால் அமைதியான இசை என்ற எண்ணம் தட்டுகளால் வந்தது. அந்தத் தெருவின் கூச்சலும் அதே காலத்துக்கு உரியதே.

கடலோரக்குயில், டிசம்பர் 6

இவ்வளவு கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை, அனைவருக்கும் நன்றி. ஸ்காட்லாந்தைப் பற்றி இன்னும் யாரும் சொல்லவில்லையே? என் தொகுப்புகளில் ஒரு தாலாட்டு அடிக்கடி வருகிறது. பெயர் ‘தாலக் க்ரியஸ்தா’ என்று போட்டிருக்கிறார்கள். கிறிஸ்துவின் தாலாட்டு என்று பொருளாம். தால் என்ற ஒலியைப் பார்த்ததும் நம்முடைய தாலாட்டு நினைவுக்கு வந்து வியந்துபோனேன்.

ஏட்டுச்சுவடி, டிசம்பர் 6

அந்த ஒற்றுமை தற்செயல். நம் தாலாட்டில் உள்ள தால் நாவைக் குறிப்பது. ஸ்காட்லாந்தின் கேலிக் மொழியில் உள்ள சொல் அமைதிப்படுத்துதல், அன்பாக ஈர்த்தல் என்ற பொருளிலிருந்து வருவது. இரண்டுக்கும் உறவு இல்லை. ஆனால் நினைவில் வைத்துக்கொள்ள உதவும் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

ஸ்காட்லாந்தின் சூழல் அயர்லாந்திலிருந்து முற்றிலும் வேறானது. அங்குள்ள சீர்திருத்தத் (புராட்டஸ்டன்ட்) திருச்சபை கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தை விவிலியத்தில் இல்லாத வழக்கமாகக் கருதியது. 1640இல் அந்நாட்டு நாடாளுமன்றம் கிறிஸ்துமஸ் விடுமுறையையே நீக்கியது. அங்கே டிசம்பர் 25 பொது விடுமுறையாக ஆனது 1958இல்தான். புத்தாண்டு இரவுக்கு அங்கே அவ்வளவு முக்கியத்துவம் இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆகவே கேலிக் மொழியில் கிறிஸ்துமஸ் பாட்டைத் தேடுபவர் கத்தோலிக்கம் நீடித்த இடங்களுக்குப் போக வேண்டும். தெற்கு யூயிஸ்ட், எரிஸ்கே, பாரா ஆகிய தீவுகளில் நள்ளிரவுத் திருப்பலியில் இந்தத் தாலாட்டைப் பாடுவது வழக்கம்.

இதை எழுதியவர் மொய்டார்ட் பகுதியின் பங்குத்தந்தையாக இருந்த ரானல்ட் ராங்கின். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதினார். பின்பு அவரே ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். இதன் மெட்டு ஓர் இரங்கற்பாட்டிலிருந்து எடுக்கப்பட்டது. மரியாள் தன் குழந்தையிடம் பேசும் அன்புச் சொற்களுக்கு அடியில் அந்தத் துயரம் ஓடிக்கொண்டே இருக்கிறது. வேல்ஸின் பாட்டுகள் சிலுவையைச் சொல்லால் சொல்கின்றன என்றால், இந்தப் பாட்டில் மெட்டே அதைச் சொல்லிவிடுகிறது என்று எனக்குத் தோன்றும்.

விதிவிலக்கு ஒன்றும் உண்டு. மல் தீவில் புனெசன் என்ற ஊருக்கு அருகில் வாழ்ந்த மேரி மெக்டொனால்ட் கத்தோலிக்கர் அல்லர். பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். 1872இல் மறைந்த அவர் கேலிக்கில் எழுதிய குழந்தை இயேசுவின் பாட்டு, பிற்காலத்தில் ஆங்கிலத்துக்குப் போனது. அந்த மெட்டுக்கு 1931இல் வேறு ஒருவர் எழுதிய காலைப் பாட்டை 1971இல் கேட் ஸ்டீவன்ஸ் பாடி உலகப் புகழ் பெறச் செய்தார். மெட்டைக் கேட்டால் உங்களுக்கு உடனே அடையாளம் தெரியும்.

நிஷாதன், டிசம்பர் 7

ஓர் ஐயம். கில்மோர்ப் பாடல்களும் வெக்ஸ்ஃபோர்ட் கரோலும் ஆங்கிலத்தில் உள்ளவை. அப்படியானால் அவற்றைக் கெல்டிக் என்று எந்தக் கணக்கில் சேர்க்கிறோம்? பிளகைனும் தாலாட்டும் கெல்டிக் மொழிகளிலேயே இருக்கின்றன. அங்கே கேள்வி எழவில்லை.

ஏட்டுச்சுவடி, டிசம்பர் 7

மிகவும் சரியான ஐயம். கில்மோர் அமைந்துள்ள பகுதியில் நார்மன் படையெடுப்புக்குப் பின் குடியேறியவர்களின் வழித்தோன்றல்கள் வாழ்ந்தார்கள். யோலா என்ற பழைய ஆங்கிலக் கிளைமொழி ஒன்று 19ஆம் நூற்றாண்டு வரை அங்கே பேசப்பட்டது. ஐரிஷ், வெல்ஷ், பிரான்ஸின் வடமேற்கில் பேசப்படும் பிரெட்டன் முதலிய மொழிகளின் உறவை எட்வர்ட் லூயிட் 1707இல் தம் நூலில் விரிவாக நிறுவினார். கெல்டிக் என்பது அடிப்படையில் மொழிக்குடும்பத்தின் பெயர். அதை இசைக்கு ஏற்றிச் சொல்வது மிகவும் பிற்காலத்து வழக்கம். வெல்ஷ் பிளகைன் பாடகர் ஒருவரிடம் கில்மோர்ப் பாடலைப் பாடிக் காட்டினால், அது தம் மரபு என்று அவர் சொல்லமாட்டார். என்னுடைய கருத்து இதுதான்: கடையில் தேடுவதற்கு அந்தப் பெயரை வைத்துக்கொள்ளலாம், கேட்கும்போது ஊரின் பெயரை நினைத்துக்கொள்ள வேண்டும்.

பனிப்பூ, டிசம்பர் 7

ஐயா சொன்னதற்கு ஒரு சான்று. ‘டெக் த ஹால்ஸ்’ என்று எல்லாக் கடைகளிலும் ஒலிக்கும் பாட்டின் மெட்டு வெல்ஷ் மெட்டு. ‘நோஸ் கலன்’ என்பது அதன் பெயர். புத்தாண்டுக்கு முந்தைய இரவு என்று பொருள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் எட்வர்ட் ஜோன்ஸ் அதை அச்சில் கொண்டுவந்தார். தாமஸ் ஆலிஃபன்ட் 1862இல் புதிதாக ஆங்கிலச் சொற்களை எழுதிச் சேர்த்தபோதுதான் அது கிறிஸ்துமஸ் பாட்டாயிற்று. என்னுடன் பணிபுரிபவர்கள் அதைக் கேட்கும்போதெல்லாம், இது எங்கள் புத்தாண்டுப் பாட்டு என்று இன்றும் சொல்கிறார்கள்.

தென்றல்நரம்பு, டிசம்பர் 8

நான் இரண்டு நாட்களாகக் கில்மோர்ப் பாடகர்களின் பதிவு ஒன்றையே திரும்பத் திரும்பக் கேட்டேன். முதல் முறை வறட்சியாகத்தான் இருந்தது. நான்காவது முறை, இரண்டு அணிகளுக்கிடையே பாட்டு கைமாறும் அந்த நொடியில் விழும் மௌனத்தைக் கவனித்தேன். அதற்குப் பிறகு ஹார்ப் வேண்டும் என்று தோன்றவில்லை. என் தட்டுகளை நான் விடப்போவதில்லை. ஆனால் நீங்கள் சொன்னது எனக்கு விளங்கிவிட்டது.

கடலோரக்குயில், டிசம்பர் 14

ஒத்திகையைப் பற்றித் தெரிவிக்கவே இந்தப் பதிவு. மூவர் மூவராகப் பிரிந்து, கீபோர்டு இல்லாமல் வெக்ஸ்ஃபோர்ட் கரோலைப் பாடிப் பார்த்தோம். கில்மோர் முறையை வேறொரு பாட்டுக்குப் பயன்படுத்துகிறோம் என்பதை அறிந்தே செய்கிறோம். ஆராதனையிலும் அப்படியே சொல்லிவிட்டுப் பாடுவோம். நிஷாதன் எச்சரித்ததுபோலவே, எங்களில் இருவர் அந்த நிஷாதத்தை ஒவ்வொரு முறையும் உயர்த்திவிட்டார்கள். கீபோர்டை மூடி வைத்த மூன்றாம் நாள்தான் அது தன் இடத்தில் நின்றது. இப்போது ஒரே சிக்கல்தான் மிஞ்சியிருக்கிறது: இரண்டாவது அணி பாட்டை எடுக்கும்போது சுருதி மெல்ல இறங்கிவிடுகிறது. பனிப்பூ அம்மா, அந்தத் தேவாலயத்தில் இதை எப்படிச் சமாளித்தார்கள்?

பனிப்பூ, டிசம்பர் 15

அவர்களும் சில சமயம் இறங்கினார்கள். யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. நான் கவனித்தது ஒன்றுதான். அவர்கள் மிகவும் நெருக்கமாக, தோளோடு தோள் உரசும்படி, அரைவட்டமாக நின்றார்கள். முகம் கூட்டத்தைப் பார்த்து இல்லை, ஒருவரையொருவர் பார்த்தபடி இருந்தது. நீங்களும் இரண்டு அணியையும் எதிரெதிராக நிறுத்தி, நடுவில் நான்கு அடிக்கு மேல் இடைவெளி விடாமல் பாடிப் பாருங்கள். இசைக்கவையைப் பாட்டின் தொடக்கத்தில் ஒரே ஒரு முறை தட்டினால் போதும்.

கடலோரக்குயில், டிசம்பர் 16

நேற்றிரவு அப்படியே நின்று பாடினோம். நான்காவது கண்ணி வரை சுருதி நின்றது. இன்னும் எட்டு நாட்கள் இருக்கின்றன.